ஜீவராணி அக்கா கேட்ட அரைப்பேர்

இலங்கை மலைநாட்டு லுணுகலையில் டொக்டர் கதிர்காமநாதனின் டிஸ்பென்சரி வாசலில் உட்கார்ந்து நம்பர் கொடுப்பவர் ஜீவராணி அக்கா. எத்தனையோ நாட்டு விமான நிலையங்களில் வரிசையில் நின்றிருக்கிறேன். இவ்வளவு கறாரான ஓர் அதிகாரியை எங்கும் கண்டதில்லை. இருமலைக் கேட்டே எது அவசரம், எது நடிப்பு என்று பிரித்துவிடுவார். அதற்கு முன் பதினேழு வருடம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். முழங்கால் மலையேற மறுத்த பிறகுதான் இந்தக் கதிரைக்கு வந்தார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பிழையான யோசனை சொன்னார். அது டொக்டரின் தொழிலையே விழுங்கப் பார்த்தது.

போன வருடம் ஒரு காலை, வெலிமடை மரக்கறி லொறி ஒன்று டிஸ்பென்சரி கேட்டை மறித்து நின்றது. வெளியே ஆட்டோவில் மூச்சிழுப்போடு ஒரு குழந்தை. "அஞ்சு நிமிஷம் பொறுங்க" என்றார் டிரைவர் பிரதீஷ், கையில் பிளேன்டீயோடு. டொக்டர் லொறியிலிருந்து, வெங்காயத்தாள் போன்ற லீக்ஸில் ஒரு கட்டை உருவினார். பிரதீஷின் கழுத்தில் இரண்டு அடி. லொறி நகர்ந்தது, குழந்தை பிழைத்தது. மாலையில் பிரதீஷ் பொலிசுக்குப் போனார்.

நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தபோதுதான் அக்கா அந்த யோசனையைச் சொன்னார்.

"குத்தத்த ஒத்துக்கிட்டுருங்க சேர். எங்க தோட்டத்து லயத்து ஆம்பளைங்க எல்லாம் அப்படித்தான். அபராதத்தக் கட்டிட்டு பத்தரை பஸ்ஸுல வந்துருவாங்க. கோட்டுக்குத் தவணை தவணையா அலைஞ்சா இங்க இருமுறவங்கள யாரு பாக்குறது?"

டொக்டருக்கும் அது சரியாகப் பட்டது. வக்கீல் வைக்காமலேயே ஒத்துக்கொண்டு, பத்தரை பஸ்ஸில் திரும்பி வந்தார்.

நீதிமன்றத்துக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. மருத்துவ சபைக்கு அங்கேதான் தொடங்கியது. குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவர் வைத்தியம் பார்க்கத் தகுதியானவர்தானா என்று விசாரிக்கப் போவதாகக் கடிதம் வந்தது.

"என்னா சேர் எழுதியிருக்கு?"

"வைத்தியர் பதிவுப் புத்தகத்துல இருந்து பேர வெட்டிருவாங்க போல, ஜீவராணி."

"எத்தன நாளைக்கி?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குச் சம்பளக் கணக்கில் ஒரு பேர் போடுவார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். வேலைக்கே வராவிட்டால் அன்றைக்குப் பேரில்லை. அக்காவுக்குத் தெரிந்த வெட்டு அவ்வளவுதான். அன்று முழுவதும் டொக்டர் ஒருவரையும் திட்டவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இது வேறு வெட்டு என்று அக்காவுக்கு உறைத்தது. சாட்சி சொல்ல, தானே கொழும்புக்குக் கிளம்பினார்.

விசாரணையில் மேசைக்குப் பின்னால் மூன்று மூத்த வைத்தியர்கள். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் துஷாந்தி.

"இவர் நோயாளிகளிடம் கோபப்படுவாரா?"

"ஐயோ, நல்லா கோவப்படுவாரு."

டொக்டர் இம்முறை வைத்திருந்த வக்கீல் கண்களை மூடிக்கொண்டார்.

"யாரிடம்?"

"ப்ரெஷர் மாத்திரைய பாதியில நிப்பாட்டுறவங்ககிட்ட. எங்கிட்ட தெனமும்."

"யாரையாவது அடித்திருக்கிறாரா?"

"அந்த லொறிக்காரரத் தவிர யாரையும் இல்லீங்க. அதுவும் வெறும் லீக்ஸு. நானா இருந்தா கெழங்கு மூட்டைய எடுத்திருப்பேன்."

துஷாந்தி மொழிபெயர்ப்பதற்கு முன் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

கடைசியாக ஏதாவது சொல்ல விருப்பமா என்று கேட்டார்கள். அக்கா எழுந்து நின்றார்.

"அரைப்பேராவது போட்டுருங்க சேர்."

"பாதிப் பெயரா?" துஷாந்தி திகைத்தார். "நாதனை வெட்டிவிட்டு, கதிர்காமத்தை மட்டும் விடச் சொல்கிறீர்களா?"

அதை மொழிபெயர்த்ததும் மேசைக்குப் பின்னாலும் சிரிப்பு எழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. தோட்டத்துக் கணக்கைப் பொறுமையாக விளக்கினார்.

"பேர மொத்தமா வெட்டுனா, அந்த ஆளு அன்னைக்கு வேலைக்கே வரலன்னு அர்த்தங்க. இவரு வந்தாரு. அடிச்சதுக்குப் பொறகு முப்பத்தெட்டு பேரப் பாத்தாரு. பன்னெண்டாவது ஆளு அதே லொறிக்காரரு. கழுத்துக்கு மருந்து போட வந்தாரு. நம்பர் குடுத்தது நான்தான்."

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. கடும் எச்சரிக்கை, பெயர் இருக்கும். இன்னொரு முறை குற்றத்தீர்ப்பு வந்தால் இந்தத் தயவை எதிர்பார்க்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. டொக்டர் அந்த வரியை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

அக்கா கடிதத்தை வாங்கி மடித்தார்.

"இனிமே யாரையாச்சும் அடிக்கணும்னா எங்கிட்ட சொல்லுங்க சேர். வெட்டுறதுக்கு எம்பேரு எந்தப் புத்தகத்துலயும் இல்ல."