கியர் சைக்கிளுக்கு நீளத் திரி

போன மாதம் ஒரு நாள் காலையில், தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். "அக்கா, உங்க வீட்டுக்காரரு இங்கன..." என்று ஆரம்பித்தது ஒரு குரல்.

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி போர்மேனின் மனைவிக்கு இப்படி ஒரு போன் வந்தால் எப்படி இருக்கும், தெரியுமா? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டிருக்கிறார்கள் என்பதே மறந்துபோனது.

"...மேம்பாலத்துல சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாருக்கா. முட்டிதான் சிராய்ச்சிருக்கு. பயப்படாதீக."

அப்பாடா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கணவர் விழுந்த செய்தி கேட்டு 'அப்பாடா' சொன்ன மனைவியை அந்தப் பையன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருப்பான் — இல்லை, கேட்டிருப்பான்!

அவர் விழுந்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் மகள் காவ்யா பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது தன் கியர் சைக்கிளை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனாள். மலையெல்லாம் ஏறும் ஜாதி... தடித்த டயர், நேர் ஹேண்டில்பார். அவருக்குச் சர்க்கரை. 'அடுத்த டெஸ்ட்டிலும் குறையவில்லை என்றால் இன்சுலின் ஊசிதான்' என்று டாக்டர் சொல்லியிருந்தார். விஸ்வநத்தம் கம்பெனியில் வெடிமருந்தோடு மருந்தாகப் புழங்குகிற மனிதருக்கு ஊசி என்றால் அப்படி ஒரு பயம். மறுநாளே சைக்கிளை எடுத்துவிட்டார். வீட்டிலிருந்து மேம்பாலம் ஏறி இறங்கித் திரும்புவார். டெஸ்ட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, மழைக்காற்றில் சைக்கிள் சாய்ந்து துவைக்கிற கல்லில் விழுந்தது. வலது கைப்பிடியில் கட்டைவிரலால் தள்ளுவோமே, அந்தக் கியர் ஷிஃப்டர் இரண்டாக உடைந்தது. செயின் போய் இருப்பதிலேயே கனமான கியரில் உட்கார்ந்துகொண்டது. மிதித்துப் பார்த்தார். பாலத்தின் பாதியில் மூச்சு வாங்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஊசிதான் போல," என்றார் அன்று சாப்பிடும்போது. முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சைக்கிள் கடை அண்ணாச்சி, "இதெல்லாம் நம்மகிட்ட கிடையாது, ஆன்லைன்ல போடுங்க. பின்னாடி எத்தன பல்சக்கரம் இருக்கோ அதே கணக்குல வாங்கணும்" என்று சொல்லியனுப்பினார். போட்டோம், வந்தது. நானே மாட்டுகிறேன் என்றார் இவர்.

மாட்டினால் எப்படி மாட்டுவார்? கம்பெனியில் வேலை செய்வது போலத்தான்!

விடிந்ததும் உட்கார்ந்துவிட்டார்... வெயில் ஏறுவதற்குள் வேலை முடியவேண்டுமாம். ரப்பர் செருப்பை வெளியே கழற்றினார். ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். உடம்பில் கரண்ட் இருந்தால் இறங்கிவிடும் என்று கம்பெனி வாசலில் செம்புத் தகட்டைத் தொடுகிற பழக்கம். வேடிக்கை பார்க்கப் பக்கத்து வீட்டு ஆட்கள் வந்தார்கள்.

"ஏலே, ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல நிக்கப்படாது. மத்தவுக வெளிய போங்க!"

காவ்யா வீடியோ காலில் சொல்லித்தர வந்தாள். "செல்ல உள்ள கொண்டாராத!" என்று என்மேல் பாய்ந்தார். அதனால் போன் வாசலில்... ஷிஃப்டர் ஹாலில்... நான் நடுவே ஓட்டம். பழைய ஷிஃப்டரின் திருகைக் கழற்று, கேபிளை உருவு, புதியதைக் கைப்பிடியில் ஏற்று, கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் பின்சக்கரம் வரை கொண்டுபோய் இழுத்து முறுக்கு — எல்லாவற்றையும் அவள் சொல்ல, நான் ஒப்பிக்க, இவர் செய்தார். அழகாகவே செய்தார்.

"அம்மா, மிச்சக் கேபிளை ரெண்டு விரக்கடை விட்டு வெட்டிரச் சொல்லு."

"வெட்டணுமாம்," என்றேன்.

"சரி, சரி" என்றார்.

வெட்டவில்லை. முழங்கை நீளத்துக்கு மிச்சம் விட்டு, சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்டிவைத்திருக்கிறார்! மறுநாள் பாலம் ஏறும்போது நூல் அறுந்து, கேபிள் நுனி பின்சக்கரக் கம்பிக்குள் போய்ச் சிக்கி, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. ஏற்றத்தில் மெதுவாகப் போனதால் முட்டியோடு தப்பித்தார்.

"ஏங்க, புள்ள அம்புட்டு சொன்னாள்ல? ஏன் வெட்டல?" முட்டிக்கு மருந்து போட்டபடி கேட்டேன்.

"குட்டையா விட கை வரலம்மா. திரியக் குட்டையா விட்டா, கொளுத்துறவன் எப்பிடி ஓடுவான்?"

சிரித்துத் தள்ளிவிட்டேன். அவரும் சிரித்தார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள்... நம் எல்லோருக்கும் வேலை கைக்குள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறதா இல்லையா? என் தம்பிக்கு ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் மணமகன் யார் என்று பார்க்கமாட்டான். அச்சில் சிவப்பு மை இடம் விலகி விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பான். இவர் கைக்குத் தெரிந்ததெல்லாம், ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒரு பிள்ளை திரியைக் கொளுத்திவிட்டு ஓட நேரம் வேண்டும் என்பதுதான். முகம் தெரியாத பிள்ளைகளுக்காக இத்தனை காலம் கவலைப்பட்ட கை அது. அந்தக் கையை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதற்காக அவரை மறுபடி விழவிட முடியுமா? கட்டிங் பிளேயரை எடுத்து நானே உட்கார்ந்தேன். கேபிளில் வைத்து அழுத்தப் போகிறேன்... பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்து இழுத்தது.

"தள்ளி இருந்து வெட்டுலா. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கோ."

"இது வெறும் கம்பிங்க!"

"இருக்கட்டும்," என்றார். கையை எடுக்கவே இல்லை. சண்டை போட எனக்கும் மனசு வரவில்லை. அவர் சொன்னபடியே தள்ளி உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினேன்.

முட்டி ஆறியதும் மறுபடி பாலம். கட்டைவிரலால் ஒரு தள்ளு, டக்கென்று கியர் இறங்குகிறது, சைக்கிளை விட்டு இறங்காமலே உச்சி வரை போகிறார். நேற்று டெஸ்ட் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இறங்கியிருக்கே! ஊசி இப்போதைக்கு வேண்டாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என்னைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார்.

வெளியே வந்ததும், "இனிமே பாலத்த ரெண்டு தடவ ஏறி இறங்கலாம்னு இருக்கேன்," என்றார்.

ஏறட்டும்... நன்றாக ஏறட்டும். வெட்டுகிற வேலையை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்!