காளான் கூடையில் ஒரு டிடெக்டர்

லிபோவெட்ஸ் ரயில்வே கேட்டை முப்பத்தாறு வருஷம் ஏற்றி இறக்கியவர் தியோஃபில் பனாஷ். வார்சாவுக்குப் போகிற மந்திரிகள், சந்தைக்குப் போகிற மாடுகள், கல்யாணக் கார்கள் என்று எல்லோரும் அவர் முன்னால் வந்து நின்றார்கள். அவருக்காக ஒருவரும் நிற்கவில்லை. கேட்டைத் தானாக இயங்கும்படி மாற்றியபோது நிர்வாகம் அவர் கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. அதில் பொறித்திருந்த பெயர் வேறு யாரோ ஒருவருடையது. எழுதிக் கேட்டார். உங்கள் பெயர் போட்டது அவரிடம் போய்விட்டது, நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தால் அந்த மனிதரைப் புதைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அந்தக் கோடையில்தான் மனைவி லுட்மிலாவோடு மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே கண்ணாடிக்குள் ஒரு துருப்பிடித்த கோடாலி இருந்தது. அதைவிட நல்ல கோடாலி அவர் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. ஆனால் இந்தக் கோடாலியின் கீழே ஓர் அட்டை வைத்து, இன்ன ஊர், இன்ன விவசாயி கண்டெடுத்தது என்று எழுதியிருந்தார்கள். விவசாயி செத்து அறுபது வருஷம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து அவன் பெயரைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டு போனார்கள். தியோஃபிலுக்கு வயிறு எரிந்தது. எனக்கும் ஓர் அட்டை வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தார். மனுஷனுக்கு ஆசை என்று வந்துவிட்டால் கோடாலி என்ன, குண்டூசி என்ன!

ஓய்வுப் பணத்தில், லுட்மிலாவுக்குத் தெரியாமல், ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி விறகுக் கொட்டகையில் ஒளித்து வைத்தார். எங்கள் நாட்டில் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நினைத்தபடி போய்விட முடியாது. தொல்பொருள் அலுவலகத்தின் அனுமதி வேண்டும், வனத்துறையின் சம்மதம் வேண்டும், எந்தப் பகுதி என்று வரைபடம் வேண்டும். அடுத்த பிப்ரவரியில் விண்ணப்பம் போட்டார். ஏப்ரலில், வரைபடம் தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. தெளிவாகப் போட்டு அனுப்பினார். ஜூனில், இவ்வளவு தெளிவாக அந்த இடத்தை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது.

கருவி இருந்தது, காடு இருந்தது, மனுஷனும் சும்மா இருந்தார். எங்கள் பக்கத்தில் ஜூன் முதல் நவம்பர் வரை கூடையோடு காட்டுக்குள் போகிறவனை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. காளான் பறிக்கத்தான் போகிறான், வேறென்ன? டிடெக்டரை மடக்கினால் பெரிய கூடைக்குள் அடங்கியது. மேலே கட்டம் போட்ட துண்டை மூடிக்கொண்டு தியோஃபில் கிளம்பிவிட்டார்.

கிடைத்ததெல்லாம் ஓட்கா மூடி, மத்தி மீன் டப்பா, குண்டுச் சிதறல், ரஷ்ய ஜார் காலத்துச் சிப்பாயின் சட்டைப் பொத்தான். எங்கள் காட்டில் நுழையாத படை இல்லை. வந்த படையெல்லாம் ஊரைக் கொள்ளையடித்துவிட்டுப் பொத்தானை மட்டும் விட்டுப் போயிருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள், ஒரு பழைய ஓக் மரத்தடியில் கருவி வேறு மாதிரி பாடியது. பாசியைக் கத்தியால் வட்டமாக அறுத்துத் தூக்கி, விரலால் தோண்டினார். வெள்ளிக்காசு ஒன்று வந்தது. நானூறு வருஷத்துக்கு முன் ஆண்ட, தாடி வைத்த சிகிஸ்முந்த் அரசர் கழுத்தைச் சுற்றி மடிப்புத்துணியோடு அவரை முறைத்துப் பார்த்தார். கருவியை மறுபடி காட்டினால் சத்தம் நிற்கவே இல்லை. அடியில் ஒரு சட்டி நிறைய இருக்கிறது!

தியோஃபில் அழுதுவிட்டார். பிறகு காசை இருந்த இடத்திலேயே வைத்து, பாசியை ஒட்டுத் தெரியாமல் மூடினார். ஆளைப் பெரிய உத்தமர் என்று நினைத்துவிட வேண்டாம். அனுமதித் தாள் இல்லாமல் எடுத்தால் வழக்கு, தாளோடு எடுத்தால் அட்டை. அனுமதி வந்த மறுநாள் வந்து, புதிதாகக் கண்டுபிடிப்பது போலக் கண்டுபிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். அதுவரை வேறு எவனும் அங்கே கை வைக்கக் கூடாது. அதனால் தினமும் விடிந்ததும் போய் மரத்தடியில் உட்கார்ந்து காவல் காத்தார்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்குக் கூடையில் கனம் இல்லாததுதான் வினையாக வந்தது.

"ஏ கிழவா, தெனம் கூடையத் தூக்கிட்டுப் போற, ஒத்தக் காளானக் காணோம். அங்க எவளப் பாக்கப் போற?" என்றாள் லுட்மிலா.

"காட்டுல எவ இருப்பா?"

"அதத்தான் நானும் கேக்கறேன். இந்த மூஞ்சிக்கு எவ சிக்கினா? பேரச் சொல்லு, பாவம், அவளுக்கு ஒரு ஆறுதல் கடிதாசி போடறேன்."

வேறு வழியில்லாமல் தியோஃபில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலைக்குப் போனார். அங்கே ஓரத்தில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பெண்கள் காளான் விற்பார்கள். வார்சாக்காரர்கள் காரை நிறுத்தி வாங்கிப்போய், தாங்களே பறித்ததாக வீட்டில் அளப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவன் திருடினால் மன்னித்துவிடுவோம், பெண்டாட்டியை விட்டு ஓடினாலும் கொஞ்ச நாளில் மறந்துவிடுவோம். காளானைக் காசு கொடுத்து வாங்கினான் என்றால் அவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். தியோஃபில் தொப்பியைக் கண்வரை இழுத்து விட்டுக்கொண்டு வாங்கினார். வாங்கினவர் சும்மா நாலு சின்னதாக வாங்கியிருக்கலாம். காளானிலேயே உசத்தியான பொரோவிக்கில், இருந்ததிலேயே பெரியவையாகப் பார்த்துப் பொறுக்கினார். அகம்பாவம் யாரை விட்டது? வழியில் காம்புகளில் காட்டு மண்ணைத் தேய்த்து, பைன் ஊசியைத் தூவிக்கொண்டு, ஊர் நடுவே மெதுவாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

பக்கத்து வீட்டு கெனோவேஃபா வேலி ஓரம் நின்றிருந்தாள். தபால்காரரின் விதவை, எழுபத்தொரு வயது. மாதா கோயில் அறுவடை விழாவில் மூன்று வருஷமாகக் காளானுக்கு முதல் பரிசு அவளுக்குத்தான்.

"பக்கத்து வீட்டுக்காரரே, நல்லாத்தான் கெடச்சிருக்கு. எந்தப் பக்கம்?"

"காட்டுப் பக்கம்."

"காடு பெருசாச்சே."

"ஆமாங்க, பெருசுதான்."

எங்கள் ஊர் மரியாதைப்படி இது குறையில்லாத பேச்சு. காளான் இடத்தைப் பெற்ற மகளுக்கும் சொல்ல மாட்டோம், சாகும்போது பாதிரியாரிடமும் சொல்ல மாட்டோம். கெனோவேஃபா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அந்த வாரமும் அடுத்த வாரமும் அவர் கூடை நிறைவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. செப்டம்பர் நடுவில் ஒரு காலை, நூறடி தள்ளி அவர் பின்னாலேயே நடந்து ஓக் மரத்தடிக்கு வந்து நின்றாள். நல்லவேளை, கருவியை அவர் அன்று எடுத்து வரவில்லை.

"இங்க ஒண்ணுமே இல்லீங்க," என்றார் தியோஃபில், பதறிப்போய்.

வெளியூர்க்காரனாக இருந்தால் திரும்பிப் போயிருப்பான். எங்கள் ஊரில் 'நிறைய இருக்கு, வாங்க' என்று சொன்னால்தான் அங்கே ஒன்றும் இருக்காது. கெனோவேஃபா கூடையைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணுமில்லாத எடத்துல எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"காத்து வாங்க."

"வீட்டுல ஜன்னல் இல்லியா?"

மறுநாள் அவள் தங்கை வந்தாள், தங்கையின் மருமகன் வந்தான், பாதிரியாரின் சமையல்காரி வந்தாள், கோயில் மணியடிப்பவரும் மணியடித்த கையோடு வந்தார். அந்த மரத்தடியில் ஒரு காளான்கூட இல்லை. அதனாலேயே எல்லோருக்கும் நம்பிக்கை உறுதியாயிற்று. இந்த ஆள் முளைக்க முளைக்கப் பறித்துவிடுகிறான், நாளைக்கு இன்னும் சீக்கிரம் வர வேண்டும் என்றார்கள். புதையல் இருக்கிறது என்று சொன்னால் ஊரே மண்வெட்டியோடு வரும். காளான் இல்லை என்று சொன்னால் ஊரே நம்ப மறுக்கிறது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல தியோஃபில் வாயை மூடிக்கொண்டு நடுவில் நின்றார்.

கெனோவேஃபாவின் கண் பொல்லாத கண். ஐந்தாம் நாள் அவள் பாசியில் ஒரு வட்டத்தைப் பார்த்துவிட்டாள். ஓரம் லேசாகக் காய்ந்து, அறுத்து ஒட்டியது தெரிந்தது. குட்டிக் காளானைக் கண்டால் பிறர் கண்ணில் படாமல் பாசியால் மூடிவிட்டு, பெரிதானபின் வந்து எடுப்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

"பாத்தீங்களா! குட்டிய மூடி வச்சு வளக்கறாரு!" என்று கத்தினாள்.

"கெனோவேஃபா, வேண்டாம். ஒங்க கால்ல விழறேன், அதத் தொடாதீங்க," என்றார் தியோஃபில். சொன்னதோடு நிற்காமல் உண்மையிலேயே முழங்காலிட்டார்.

அதற்குமேல் யார் சும்மா இருப்பார்கள்? அவள் பாசியைத் தூக்கினாள். அரசர் முகம் தெரிந்தது. காளான் கத்தியால் இன்னும் கீழே கிளறினாள். சட்டியின் விளிம்பு தட்டுப்பட்டது.

"தூ, சட்டி!" என்றாள். அத்தனை ஏமாற்றத்தோடு ஒரு மனுஷி வெள்ளியைப் பார்த்து நான் கண்டதில்லை.

வனக்காவலர் ரடெக் வந்தார், தொல்பொருள் அலுவலகத்திலிருந்து கார்கள் வந்தன, மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். எங்கள் சட்டம் அருமையான சட்டம். அனுமதியில்லாமல் தேடிக் கண்டவன் குற்றவாளி. தேடாமல் தடுக்கி விழுந்தவருக்கு வெகுமதியும் அட்டையும். காளான் பறிக்கப் போய்ச் சட்டியைக் கண்ட கெனோவேஃபாவின் கையை அதிகாரி குனிந்து முத்தமிட்டார். நவம்பரில் தியோஃபிலுக்கு அனுமதிக் கடிதம் வந்தது. காடு முழுக்கத் தேடிக்கொள்ளலாம், ஓக் மரத்தைச் சுற்றியுள்ள பகுதி நீங்கலாக, அது பாதுகாக்கப்பட்ட இடம் என்று அதில் எழுதியிருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் அருங்காட்சியகத்தில் விழா. லுட்மிலா அவருக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து இழுத்துக்கொண்டு போனாள். காசுகள் கண்ணாடிக்குள் பரப்பிக் கிடந்தன. கீழே அட்டை: லிபோவெட்ஸ் ஊர் கெனோவேஃபா ஷிமான் கண்டெடுத்தது. எல்லோரும் அதைச் சத்தமாகப் படித்தார்கள்.  காசை முதலில் தொட்ட கை என் கை என்று தியோஃபிலுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் வனக்காவலர் ரடெக் பக்கத்திலேயே நின்று கேக் தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க அந்த மரத்தடியிலேயே குடியிருந்தீங்களாமே. ஒங்க கண்ணுல எதுவும் படலியா?" என்று அதிகாரி கேட்டார்.

"நான் காளானுக்குப் போனேன்," என்றார் தியோஃபில்.

கோட்டு மாட்டுகிற இடத்துக்கு அவர் போனபோது கெனோவேஃபா பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள். அவள் கண்ணில் நீர் இருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரரே, எனக்கு இந்தச் சட்டியும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். இப்பவே அந்த அதிகாரிட்ட போயி, மொதல்ல பாசியத் தூக்கிக் காளான் தேடினது நீங்கதான், நான் பின்னால குனிஞ்சவதான்னு சொல்லிடறேன். ஒங்க பேரப் போட்டுருவாங்க. வழக்கும் வராது, ஒண்ணும் வராது. அந்தப் பொரோவிக் எந்த எடத்துலன்னு மட்டும் சொல்லுங்க. சாவுற வரைக்கும் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

தியோஃபில் மறுபடி கணக்குப் போட்டார். ஏதாவது ஓர் இடத்தைச் சொல்லிவிடலாம். அடுத்த ஜூன் வரை அவளால் சரிபார்க்க முடியாது. அதற்குள் அட்டை மாறிவிடும், பிள்ளைகள் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வாயைத் திறந்தார். ஆனால் மூன்று மாதமாகப் பொய் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துப் போயிருந்தது. அந்தக் கிழவியின் கண்ணைப் பார்த்து இன்னொன்று சொல்ல வரவில்லை.

"கெனோவேஃபா, அதெல்லாம் நெடுஞ்சாலையில வாங்கினது. காசு குடுத்து."

அவள் கையை விட்டாள்.

"இதுக்கு என் மூஞ்சியில துப்பியிருக்கலாம். வாங்கினாராம்! கௌரவமான மனுஷன், ஊருக்குள்ள தல நிமிந்து நடக்கறவரு, காளானக் காசு குடுத்து வாங்கினாராம்!"

"மாதா மேல சத்தியமா."

"அவங்கள வேற இழுக்கறீங்களா? சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டுப் போங்க."

அவள் தலைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். அங்கே பத்திரிகை நிருபர் ஒருவர் காத்திருந்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்டதும், எங்கள் ஊரில் தியோஃபில் பனாஷ் என்று ஒரு கருமி இருக்கிறான் என்று அவள் ஆரம்பித்தாள். நிருபர் அந்தப் பெயரைத் திருப்பிக் கேட்டு, எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார்.