ஒரு கிலோ கோப்பிக்கு விளையாடிய ஸ்வென்

ஸ்வென் போய்விட்டார்.

தொண்ணூறைத் தாண்டி எத்தனையோ வருடம். தன்னைப் பார்த்த டொக்டர்மார் இரண்டு பேரின் செத்தவீட்டுக்குப் போய்வந்த மனிதர்...

காலையில் அவருடைய மகள் கிர்ஸ்டன் எங்கள் வாசலில் வந்து நின்று சொன்னார். கையில் ஒரு கோப்பிப் பக்கெற். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு... நான் டென்மார்க்கில் ஹேர்னிங்குக்கு வந்த புதிதில், துணி ஃபாக்டரியில் என் பக்கத்து மெஷின் அவர். எங்கள் ஆட்களுக்கெல்லாம் ஸ்வென் அண்ணை.

முன்வாயில் இரண்டு பல் இல்லை. கேட்டால், அது தன் பழைய வேலையின் யூனிஃபோர்ம் என்பார். பழைய வேலை, ஐஸ் ஹொக்கி. டென்மார்க்கில் அதற்குச் சம்பளம் என்று யாரும் நினைத்தும் பார்க்காத காலத்தில் சம்பளம் வாங்கி விளையாடியவர்.

நான் அதுவரை ஐஸைப் பார்த்தது சர்பத்துக்குள்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஜெர்மன்காரன் போனபிறகு வந்த முதல் விண்டர். அவ்வளவு காலமும் தானியத்தை வறுத்து இடித்து, கோப்பி என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்த சனம். எங்கள் ஊர்ச் சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மோட்டார்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம் என்று நானும் என் பங்குக்கு அளந்தேன்.

“அதை நீங்கள் குடிக்கேல்லைத்தானே?” என்றார் ஸ்வென்.

உறைந்த ஏரியில் ஒரு மட்ச். பக்கத்து ஊர் அணிக்கு ஆள் போதாமல் ஸ்வெனைக் கேட்டார்கள். கூலி, ஒரு கிலோ அசல் கோப்பி. எங்கிருந்து வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

விளையாடினார், வென்றார், கோப்பியை அம்மாவிடம் கொடுத்தார். அன்று பின்னேரம் தெருவில் பாதிச் சனம் கோப்பையோடு அவர் வீட்டில்.

வாசம் சும்மா இருக்குமா... ஹொக்கிச் சங்கத்துப் பெரிய மனிதர்களின் மூக்குக்கும் போனது.

கூலி வாங்கினவன் அமெச்சூர் இல்லை. அமெச்சூர் இல்லாதவனுக்குத் தேசிய அணியில் இடமில்லை. ஸ்வெனுக்கு அந்த இடம் கிட்டத்தட்ட உறுதியாகியிருந்தது. ஸ்கேட்ஸ் கட்டிய நாளிலிருந்து அவர் ஆசைப்பட்டதும் அது ஒன்றுக்குத்தான்.

கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்களாம். கோப்பி அன்பளிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, நாங்கள் மறந்துவிடுகிறோம்.

“விளையாடினன். கூலி தந்தாங்கள். அம்மா அதைக் குடிச்சும் முடிச்சிட்டா.”

தேசிய அணி போச்சு.

அடுத்த விண்டர் கப்பலேறி இங்கிலாந்து. அங்கே உண்மையான சம்பளம், லைட் போட்ட ரிங்க், பேரைச் சொல்லிக் கத்துகிற சனம். பல் இரண்டும் அங்கேதான் கழன்றன.

அங்கே ஒருமுறை டென்மார்க் தேசிய அணி மட்ச் ஆட வந்தது. எதிரே ஸ்வென்!

முதல்முறை எனக்குச் சொன்னபோது இரண்டு கோல் அடித்திருந்தார். பென்ஷன் எடுக்கும்போது அது ஐந்தாகியிருந்தது. கிர்ஸ்டனிடம் விசாரித்தேன். அடித்தது ஒன்றுதானாம், ஆனால் மட்சை வென்றது அந்தக் கோலால்தானாம்.

முடிந்ததும் அதே சங்கத்துப் பெரியவர் ஒருவர் கைகொடுக்க வந்தார். ஸ்வென் அவரை இருத்தி, தன் சம்பளத்தில் ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தார். மனிதர் மறுபேச்சில்லாமல் குடித்தாராம்.

இனி என் கதை. எதை எழுதினாலும் அது உள்ளே வந்துவிடும், உங்களுக்குத் தெரியும்.

நம் ஆட்களின் விழாக்களில் மைக் பிடித்துப் பகிடி விடுகிறவன் நான். கூலி, பொன்னாடை. அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இருக்கிறது. ஒன்றை என் மனிசி கார் பின்சீட்டுக்கு விரித்துவிட்டார். ஒருநாள் காரில் ஏறிய ஸ்வென் அதைக் கண்டு என்னவென்று கேட்டார், சொன்னேன்.

“இதைப் போத்திக்கொண்டு கடைக்குப் போவியோ?”

மாட்டேன் என்றேன்.

“அப்ப நீ அமெச்சூர்.”

சுட்டது...

அடுத்து பிராண்டேயில் ஒரு சாமத்திய வீட்டுக்கு, பிள்ளை பெரியபிள்ளையான கொண்டாட்டத்துக்கு, கேட்டார்கள். கூலி வேண்டும் என்றேன். உவர் இப்ப கூலிக்குத்தான் வாய் திறக்கிறார் என்று பிரெடெரிசியா வரைக்கும் போன் ஓடியது. வீட்டுக்காரர் பேரம் பேசி, கடைசியில் ஒரு ட்ரே மட்டன் ரோல்ஸ் தந்தார். பொன்னாடையும் போர்த்தினார், அது வேறு.

ட்ரேயோடு நேரே ஸ்வென் வீடு. மனிதர் எழுந்து நின்று கைகொடுத்தார். பிறகு இருந்த பல்லால் பாதி ட்ரேயைக் காலிபண்ணினார்.

காலையில் கிர்ஸ்டன் கொண்டுவந்த பக்கெற் எனக்குத்தான். சனிக்கிழமை அடக்கம். பிறகு எல்லோரும் கோப்பி குடிக்க இருப்பார்கள். அங்கே நான் பேச வேண்டுமாம். அப்பா சொல்லிவைத்துவிட்டுப் போனாராம்:

“அவன் வந்து சிரிக்க வைக்கவேணும். கூலியை முதலே குடுத்திடு, சும்மா கூப்பிடாதை.”

ஒரு மண்டபம் நிறைய டேனிஷ்காரர்... என் டேனிஷுக்கு என் பிள்ளைகளே சப்டைட்டில் கேட்பார்கள். ஏலாது என்று சொல்லி, பக்கெற்றைத் திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தேன்.

வார்த்தை தேடிக்கொண்டு நிற்க, மனிசி அதை வெட்டி, கோப்பி போட்டு, கிர்ஸ்டனுக்கும் எனக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

“ஆறப்போகுது, குடியுங்கோ” என்றார்.

குடிச்சு முடிச்சிட்டன், ஸ்வென் அண்ணை.

சனிக்கிழமை வாறன்.