தங்கையின் புதுக் கன்னம்

எனக்கும் தங்கைக்கும் ஒரே கிழமையில் கொப்புளிப்பான் அம்மை வந்தது. எனக்குப் பதின்மூன்று வயது, அவளுக்குப் பத்து. இரண்டு பேருடைய கன்னங்களிலும் குழி விழுந்தது. அதன்பிறகு கலியாண வீடுகளில் எங்களைப் பார்த்து, “சகோதரங்களோ?” என்று கேட்டவர்கள் யாரும் கண்ணையோ மூக்கையோ பார்த்துக் கேட்கவில்லை. எனக்கு அதில் ஓர் ஆறுதல் இருந்தது. குழி விழுந்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லையே.

ரொறன்ரோவுக்கு நான் முதலில் வந்தேன். சில வருடங்கள் கழித்து அவள் கலியாணமாகி வந்தாள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஸ்காபரோவில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். அவள் ஏழாம் மாடி, நான் பதினோராம் மாடி. லேசர் போட்டால் குழி போகும் என்று அவளுடைய கணவர்தான் எங்கோ விசாரித்துக்கொண்டு வந்தார். அவர் பகல் வேலை, அவளுக்கு ஆங்கிலம் ஓடாது. ஆகவே டொக்டரிடம் அவளுடைய வாயாக நான் போனேன். கொடுமையைப் பாருங்கள். என் குழிகளை என் கன்னத்தில் வைத்துக்கொண்டு, அவளுடையதை எப்படி நிரவுவது என்று நானே கேட்டு நானே சொல்ல வேண்டும்.

நானும் செய்தால் என்ன என்று வீட்டில் ஒருநாள் கேட்டேன். என் மனுசன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. “உனக்கு இனி எதுக்கு உது?” என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

மே மாதம் லேசர் செய்தார்கள். இரண்டு கிழமை அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. பிறகு புதுத்தோல் வந்தது. இளஞ்சிவப்பாக, உரித்த முட்டை மாதிரி. குழிகள் இருந்த இடத்தை நான் கண்ணால் தேடினேன், அகப்படவில்லை. நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிட்டு பதினோராம் மாடிக்குப் போய், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். எனக்கு வயிறு எரிந்தது. வேறு சொல் போட்டு அதை மூடி மறைக்க விருப்பமில்லை.

டொக்டர் ஒரு தாள் தந்திருந்தார். எங்களைப் போன்ற மண்ணிறத் தோல் வெயில் பட்டால் கறுத்துத் திட்டாகிவிடும், ஆறு மாதத்துக்குக் கவனம் என்றார். அகலத் தொப்பி போட வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சண்கிறீம் பூச வேண்டும். முகில் மூடியிருந்தாலும் பூச வேண்டும், காருக்குள் இருந்தாலும் பூச வேண்டும். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். வாசிக்கத் தெரியாவிட்டாலும் அவள் அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தாள். சந்தேகம் வந்தால் தாளைப் பார்க்கமாட்டாள். எனக்குத்தான் போன் எடுப்பாள்.

அவளுடைய கணவர் கார்க் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார். வாசலிலிருந்து கார் நிற்கும் இடம் வரை, மழையில்லாத நாளில் குடை பிடித்தார். சனங்கள் புல்லில் படுத்து வெயில் காயும் ஊரில் இவர்கள் இரண்டு பேரும் குடைக்குள் போவதை நான் பல்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஒருவரும் மழையிலும் குடை பிடித்ததில்லை. அந்தக் கிறீம் அவள் முகத்தில் திருநீறு அப்பியதுபோல வெள்ளையாக நிற்கும். அதைப் பார்த்துச் சிரிப்பது மட்டும்தான் எனக்கு மிச்சம்.

ஜூலையில் கோயில் தேர். பண்டகசாலைகளுக்கு நடுவே ஒரு கட்டடத்தில்தான் எங்கள் கோயில் இருந்தது. கார் நிறுத்தும் இடத்தைச் சுற்றித் தேர் வரும். நாங்கள் போன அன்று காலை வானம் முகில் மூடிக் கிடந்தது. அவளுடைய கணவருக்கு அன்றும் வேலை. என் காரில் அவள் சேலையோடு இருந்தாள். மடியில் தொப்பியும் கிறீமும். கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, முகில்தானே, இண்டைக்கும் இது பூச வேணுமோ?”

தாளில் இருந்த வரி எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தச் சேலையில், அந்தக் கன்னத்தோடு அவள் இறங்கப்போகிறாள், பக்கத்தில் நான் நிற்கப்போகிறேன். இனி யாரும் சகோதரங்களோ என்று கேட்கப்போவதில்லை.

“இண்டைக்குத் தேவையில்லை. தொப்பியையும் இங்கையே வை. சாமிக்கு முன்னால தொப்பியோட நிக்கிறது வடிவில்லை,” என்றேன்.

அவள் இரண்டையும் சீற்றில் வைத்துவிட்டு இறங்கினாள். தேர் பாதி வழி வருவதற்குள் முகில் கலைந்துவிட்டது. வெறும் காலில் தார் சுட்டது. அவள் சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். காரைத் திறக்கும் திறப்பு என் கையில் இருந்தது. கார் ஐம்பது அடி தூரத்தில் நின்றது. நான் கைகூப்பிக்கொண்டு தேரைப் பார்த்தேன். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். கும்பிட்டேனா என்று கேட்டால், இல்லை.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் அவள் கன்னங்களில் தேத்தண்ணிச் சாயம் ஊறியதுபோலத் திட்டுகள் வந்தன. முதலில் வலது பக்கம், பிறகு இரண்டு பக்கமும். குழியை விடக் கறுப்பு எட்டத்திலேயே தெரிந்தது. டொக்டரிடம் போக வேண்டும், வாங்கோ என்று மட்டும் போனில் சொன்னாள். அந்தத் திட்டுகளைப் பார்த்தபோது எனக்குச் சந்தோசம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

டொக்டர் விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். முகம் சுருங்கியது. வெயிலில் நின்றாரா, தொப்பி போடவில்லையா, கிறீம் பூசவில்லையா, தாளில் எல்லாம் தெளிவாக இருந்ததே என்று என்னிடம் கேட்டார். நான் அவளுக்குத் திருப்பிச் சொன்னேன்.

அவள் டொக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். தேரன்று பார்த்த அதே பார்வை இல்லை. சத்தமில்லாமல், ஆறுதலாகச் சொன்னாள்.

“அக்கா பூச வேண்டாமெண்டு சொன்னவ எண்டு சொல்லாதேங்கோ. நான் மறந்துபோனன் எண்டு சொல்லுங்கோ.”

டொக்டர் பேனையைத் திறந்துகொண்டு காத்திருந்தார். அவள் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்வதுதான் அங்கே என் வேலை. அவள் மறந்துபோய்விட்டாள் என்று சொன்னேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.