அத்தைக்காக நான் போட்ட ஏழு டிக்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் அத்தை பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டார். அப்பாவின் அக்கா அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருடம் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் செம்பாக்கத்தில் எங்களோடு இருந்தார். வரிசையில் நிற்பவர்களை அதட்டிப் பழகிய அந்தக் குரல் வீட்டிலும் அப்படியேதான் ஒலிக்கும். அது தேய்ந்து தேய்ந்து "உம்", "வேணாம்" என்ற இரண்டு சொற்களில் வந்து நின்றது. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சாப்பாட்டுத் தட்டு பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். "வயசாயிடுச்சுல்ல" என்றார் அப்பா. அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். எனக்கோ, அதட்ட ஆளில்லாமல் டிவி பார்க்க முடிந்ததில் உள்ளூர மகிழ்ச்சி.

கண்டுபிடித்தது இரும்புலியூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் சின்ன கிளினிக்கின் நர்ஸ் அக்கா. சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போன அத்தையிடம், "தூக்கம் வருதாம்மா? எதுலயாவது மனசு ஒட்டுதா?" என்று வரிசையாகக் கேட்டாராம். மூன்றாவது கேள்வியில் அத்தை அழுதுவிட்டார். டாக்டர் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து, இது வயதினால் வருவதில்லை, மனச்சோர்வு என்கிற நோய், குணமாகும் என்று சொன்னார். மாத்திரை எழுதுவது அவர். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்து விசாரிப்பது நர்ஸ் அக்கா. சனிக்கிழமைகளில் இருவரும் ஒரு மனநல மருத்துவரோடு பேசி அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுப்பார்கள். அந்த மருத்துவரை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே எனக்கு அவரிடம்தான் பயம் அதிகம்.

"நம்ம டீம்ல நீயும் ஒரு ஆளு பாப்பா" என்றார் நர்ஸ் அக்கா என்னிடம். "சாயங்காலம் அத்தையை ஏரிக்கரை வரைக்கும் கூட்டிகினு போ. போன அன்னிக்கு காலண்டர்ல ஒரு டிக் போடு. போவலன்னா வுட்டுடு. அவ்ளோதான்."

முதல் வாரம் இரண்டு டிக். "ரெண்டா? சூப்பர்!" என்றார் போனில். நான் நம்பவில்லை. ஏழுக்கு இரண்டு என்பது எங்கள் பள்ளியில் பெற்றோரை அழைத்து வரச் சொல்லும் மதிப்பெண். அடுத்த வாரம் ஒன்று. மூன்றாவது வாரம் தினமும் கட்டிலருகே போய், "அத்தை, வாங்க போலாம்" என்பேன். "வேணாம் கண்ணு" என்று போர்வையை இழுத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும், அம்மா வேலையிலிருந்து திரும்புவதற்குள், பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஏழு கட்டங்களையும் நிரப்பினேன். அன்றைய சாயங்காலம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

"எத்தினி டிக்கு பாப்பா?"

"ஏழு."

"ஏழா! உங்க அத்தை பின்னிட்டாங்க போ! அப்ப மாத்திரையை ஏத்தத் தேவையிருக்காது. நாளைக்கு டாக்டருங்ககிட்ட சொல்றேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்து அறையில் அத்தை படுத்திருந்தார்.

மறுநாள் காலையில் அத்தை எழுந்து கூடத்துக்கு வந்தார். "அந்த நர்ஸ் நம்பர் எங்க இருக்கு?" என்று கேட்டார். அம்மா தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றுவிட்டாள். அத்தை எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"செம்பாக்கத்துலேர்ந்து பேசறேம்மா. நேத்து குழந்தை சொன்னது சரியில்லை. இந்த வாரம் நான் ஒரு நாள்கூட போகலை. அவ தினமும் கூப்பிட்டா, நான்தான் வரலைன்னுட்டேன். மாத்திரை விஷயம்ங்கறதால சொல்றேன். குழந்தையைத் திட்டிடாதீங்க."

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

அன்று மாலை நர்ஸ் அக்காவின் ஸ்கூட்டர் வந்து நின்றபோது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். எட்டிப் பார்த்தால், வாசல் கேட் அருகே அவர் என்னவோ சொல்ல, அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் குற்றம் அவ்வளவு பெரியது என்று புரிந்துகொண்டேன். அடுத்து அந்தக் கண்ணில் படாத மருத்துவரே வந்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"இன்னா பாப்பா, தொட்டி பின்னால இன்னா பண்றே?"

நான் ஓவென்று அழுதேன். அவர் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பொய் டிக்கு மட்டும் போடாதே. அத பாத்துதான் மருந்து முடிவு பண்றோம். ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு சொல்லு, யாரும் திட்ட மாட்டோம்." பிறகு என் தலையைக் கலைத்துவிட்டு, "ஆனா இன்னிக்கு நான் செம குஷியா கீறேன்" என்றார்.

மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். ஏரி தூரம் என்று, முதலில் தெருமுனை மளிகைக்கடை வரை போனால் போதும் என்று மாற்றினார்கள். பிறகு வந்த வாரங்களில் ஒன்று, மூன்று, இரண்டு, ஐந்து என்று உண்மையான டிக்குகள் விழுந்தன. மழைக்காலம் முடிந்தபோது அத்தை ஏரிக்கரையில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். ஒருநாள் ஷேர் ஆட்டோக்காரர், "பாட்டி, கொஞ்சம் தள்ளிக் குந்து" என்று சொல்லிவிட்டார். "யாருய்யா பாட்டி?" என்று அத்தை போட்ட அதட்டலில் ஆட்டோ மொத்தமும் சிரித்தது. இன்றும் வாரம் ஒருமுறை போனில் என்னை அதட்டுகிறார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்பதுதான். பல மாதங்களாகத் தண்ணீர் குடிக்கக்கூட யாராவது எழுப்ப வேண்டியிருந்த ஒருவர் யாரும் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறார், அம்மா அழுதது அதற்காக என்பதெல்லாம் என் கணக்கிலேயே வரவில்லை. நான் அவரோடு டூ விட்டிருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "கண்ணு, கடை வரைக்கும் போலாமா?" என்று கேட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வீட்டுப்பாடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.