சீப்பு பட்ட நாய்

மர்செலேன் பெரோதேன் பிரான்சில் எங்கள் மோர்வான் மலையில் சாலைக் குழி அடைப்பவர். கல்யாணத்தன்றும் இரண்டு சாவுகளுக்கும் தவிர அவர் தலையில் சீப்பு பட்டதே இல்லை என்பாள் அவர் மனைவி லியோனி. அவர் நாய் தம்பூரும் அப்படித்தான். கிரிஃபோன் நிவெர்னே என்ற வேட்டைநாய்ச் சாதி. சாம்பல் நிறம், முள்முள்ளாக முடி, தாடி, யாரோ திட்டிவிட்டதுபோல எப்போதும் ஒரு முகம். ஒருகாலத்தில் ஓநாயை விரட்டிய சாதி. பிரபுக்களின் வேட்டைக் கூட்டங்கள் கலைந்ததும் நாகரிகமானவர்கள் அதை மறந்துபோனார்கள். எங்கள் குடியானவர்கள் சிலர்தான் விடவில்லை. வேகம் போதாது. காட்டுப்பன்றி எதிர்த்து நின்றால் ஓடத் தெரியாது. கூப்பிட்டால் வரவும் தெரியாது. ஊரில் அதைச் சேற்றுமூஞ்சி என்போம், பாராட்டாகத்தான்.

அந்த ஞாயிறு தம்பூருக்குப் பரீட்சை. நடுவர் பார்த்து முத்திரை குத்தினால்தான் அதன் குட்டிகள் சாதிப் பதிவேட்டில் ஏறும். பள்ளத்தாக்கில் மிஞ்சியிருந்த ஒரே ஆண் அது. மர்செலேனுக்கு வாரம் முழுக்க சூப்பு இறங்கவில்லை. பயத்தில், சனிக்கிழமை நாயைத் தொட்டியில் இறக்கி, லியோனியின் ஷாம்பூவைப் போட்டு, முடியை மென்மையாக்கும் அவளுடைய கிரீமையும் தடவி, வாரிவிட்டார். காலையில் அவர்கள் வேனின் பின்சீட்டில், துணைக்குப் போன என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது ஒரு மேகம்.

"ஏன்யா, இது நாயா, தலையணையா?" என்றாள் லியோனி.

"பரீட்சைக்குப் போறோம். கொஞ்சம் மரியாதையா இருக்க வேணாமா?"

பரீட்சைத் திடலில் நடுவர் மதாம் புர்தியோ நாயின் முதுகில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"முசே, இந்தச் சாதிக்கு முடி முரடா, கலைஞ்சு கிடக்கணும். இது பட்டு மாதிரி இருக்கே. இப்படியே பார்த்தா தள்ளத்தான் வேணும்."

மர்செலேன் தொப்பியைக் கசக்கினார். நானாவது கிரீம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். நானும் என் தொப்பியைத்தான் கசக்கினேன்.

"மதாம், அந்தப் பட்டு என் கிரீம்தான்," என்றாள் லியோனி. "எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?"

"மூணு."

லியோனி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு திடலுக்குப் பின்னாலிருந்த ஓடைக்கு நடந்தாள். தம்பூருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. முதலில் அது குதித்தது; பின்னாலேயே, கயிற்றின் மறுமுனையில் லியோனி, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு. கிரீம் போகும்வரை முக்கியெடுத்து, முள்புதருக்குள் புகவிட்டு, வெயிலில் காயவைத்தாள். இரண்டரைக்கெல்லாம் முடி அதன் போக்கில் சிலிர்த்து நின்றது.

மதாம் புர்தியோ தடவிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், தாளில் முத்திரையைக் குத்தினார்.

"இப்பதான் இது நிவெர்னே."

மர்செலேன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். சேறு ஒழுக நின்ற மனைவியைப் பார்த்தார்.

"மதாம், முத்திரையை உள்ள வச்சிடாதீங்க. இவளுக்கும் ஒண்ணு குத்திடுங்க."

"குத்துங்க மதாம்," என்றாள் லியோனி. "ஆனா இந்த ஆளைத் தள்ளிடுங்க."