கருநீலக் கைகளோடு வந்தவர்

அவருடைய கைகளைப் பார்த்தே அந்த வாரம் அருப்புக்கோட்டையில் என்ன நிறச் சேலை தறியில் ஏறுகிறது என்று எங்கள் வேதக்கோயில் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். ஒரு வாரம் மஞ்சள், ஒரு வாரம் அரக்கு. “ஏலே, இந்த வாரம் கிளிப்பச்சைலே!” என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு கத்துவார்கள். அவரும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டே சிரித்தபடி வருவார். நூலைக் கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுக்கிற வேலை அவருக்கு. வாரம் முழுக்கச் சாயப்பட்டறையில் கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பஸ்ஸு பிடித்துத் திருச்சுழிக்கு வருவார். கோயிலில் அவர் பாடினால் தெருக்கோடி வரை கேட்கும். ராகம் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. அந்த மனிதர்மேல் எனக்கு அப்படியொரு பிரியம். ஆனால் எண்பதுகளில் அவரை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் செய்த காரியத்தை மறைத்துவிட்டு இந்தப் பிரியத்தை மட்டும் எழுதினால், அது பச்சைப் பொய்.

அப்போது நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாலுகா ஆபீசுக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வந்த வேகத்தில் கோயில் காரியங்களில் தலையை நுழைத்துக்கொண்டேன். தடுமாறாமல் வேதம் வாசிப்பேன், சட்டை கசங்காமல் வருவேன். இதைப் பார்த்தே போதகர் என்னைத் திருவிருந்து வரிசையைக் கவனிக்கச் சொன்னார். சபையார் வரிசையாகப் பீடத்தின் முன்னால் வந்து முழங்காற்படியிடுவார்கள். போதகர் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும், ஆண்டவரின் சரீரமென்று நாங்கள் உண்ணும் அப்பத்தை வைப்பார். யார் எப்போது எழுந்து வர வேண்டும் என்று கை காட்டுவது என் வேலை. என்னத்தைச் சொல்ல, பரலோகத்துச் சாவியே என் இடுப்பில் தொங்குகிற மாதிரி ஒரு மிதப்பு எனக்கு.

அன்றைக்கு ஒரு பத்தாம் வகுப்புப் பெண் முதன்முறையாகத் திருவிருந்தில் சேர இருந்தாள். தாய் தவறிப்போய் அத்தை வீட்டில் வளர்கிற பிள்ளை. வெள்ளைத் தாவணி கட்டிக்கொண்டு, ஆராதனை தொடங்கியதிலிருந்து வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமையும் வேலையென்று கோயிலுக்கு வராமலிருந்த அப்பா, அன்று வேலை முடித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவர் பக்கத்தில் முழங்காற்படியிட வேண்டும் என்பது அவள் ஆசை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைய வேதபாடத்தை வாசித்தவன் நான்தான். ஈசாயின் மகன்களில் உயரமும் அழகுமாக நின்றவனைப் பார்த்து, இவன்தான் ராஜா என்று தீர்க்கதரிசி சாமுவேல் ஏமாந்து போகிற இடம். நன்றாக ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன்.

அவள் வரிசை எழுந்தபோது வாசல் வழியாக ஒருவர் விறுவிறுவென்று வந்து அவளுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார். கசங்கிய சட்டை, வாரப்படாத தலை. கை இரண்டும் முழங்கை வரை கருநீலம், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. எங்கள் ஊர்ப்பக்கம் சாயப்பட்டறையை நான் கண்டதில்லை. எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. குறுக்கே கையை நீட்டி மறித்தேன்.

“என்னய்யா கை இது? ஆண்டவர் பந்திக்கு இப்படியா வாரது? போய்க் கழுவிட்டு வாங்க.”

“சார், இது வந்து…”

“ஆராதனை நடக்கு. பேசாதீங்க. போங்க.”

அவர் மகளை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனார். முன்னால் போய்விட்ட அவள் முகத்தை நான் கவனிக்கவே இல்லை. அவள் முழங்காற்படியிட்டுப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டிருந்தாள். வரிசையில் இடைவெளி இருக்கக் கூடாதே! அடுத்து நின்றவரைக் கை காட்டி அங்கே அனுப்பினேன்.

எல்லாம் முடிந்தபின், மீந்த அப்பத்தை வழக்கப்படி போதகரும் நானும் உண்டு தீர்த்தோம். வெளியே வந்தால், தண்ணீர்த் தொட்டியருகில் அந்த மனிதர் இன்னும் குந்தியிருந்தார். கையில் மண்ணைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நீலம் நீலமாகவே இருந்தது.

“தண்ணி கெடைக்காத ஊரு, வீணாக்கக் கூடாதேன்னு மண்ணப் போட்டுத் தேச்சேன் சார். போக மாட்டேங்குது. பந்தி முடிஞ்சிருச்சா?”

முடிந்துவிட்டது. அவருக்கு உரியதை நான்தான் தின்றிருந்தேன். அதற்குள் அந்தப் பெண் வந்து நின்றாள்.

“எங்கப்பா சார் இவுக. சாயப்பட்டறைல வேல பாக்குறாக. இது அழுக்கு இல்ல. நீங்க என்னன்னு நெனச்சீங்க?”

“மன்னிச்சிருங்கண்ணே” என்று ஒருவழியாகச் சொன்னேன்.

“கழுவச் சொன்னதுல என்ன சார் இருக்கு. புள்ள தனியா முட்டி போட்டுருச்சே, அதான்…” என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் கைக்குட்டையை விரித்தாள். உள்ளே அவளுக்குக் கொடுத்த அப்பம் அப்படியே இருந்தது. “நீங்க வராம நான் எப்படிப்பா சாப்பிடுவேன்?” என்று பாதியை ஒடித்து நீட்டினாள். அப்பத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவரக் கூடாது. வேறொரு நாளாக இருந்தால் நான் குதித்திருப்பேன். அவர் அதை வாங்கவில்லை. ஈரக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார்.

“கை இன்னும் இப்படித்தான் இருக்கு. வாங்கிக்கலாமா சார்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “வாங்கிக்கோங்கண்ணே” என்று சொன்னது அவருக்குக் கேட்டதோ இல்லையோ, வெயிலில் அந்த மண்தரையிலேயே முழங்காற்படியிட்டு, தோலுரிந்த இரண்டு கைகளையும் மகளிடம் ஏந்தினார்.

அதன்பிறகு எத்தனையோ வருஷம் ஒன்றாகச் சிரித்தோம், சாப்பிட்டோம். ஒருநாள்கூட அவர் இந்தப் பேச்சை எடுத்ததில்லை. போன வருஷம் அவரை அடக்கம் செய்தோம். இப்போதும் யாராவது புதிதாக வந்து கோயில் வாசலில் தயங்கி நின்று, “உள்ள வரலாமா சார்?” என்று என்னிடம் கேட்டுவிட்டால், வெட்கத்தில் என் முகம் சுடுகிறது.